ரீஷி மைசீலியம்: டப்பாவுக்குள் இருப்பது காளானா, வலையா, அரிசியா?

பழைய வண்ணாரப்பேட்டையில் எனக்கு ஒரு சின்ன மருந்துக்கடை. கொரோனாவுக்குப் பிறகு கடையில் ஒரு புதுக் கேள்வி அடிக்கடி வருகிறது: "ரீஷி காளான் நல்லதா?" சுகரைக் குறைக்குமாம், கேன்சரைக் கரைக்குமாம், எதிர்ப்புச் சக்தி ஏறுமாம் என்று வாட்ஸ்அப்பிலும் மாடியில் நடக்கும் விற்பனைக் கூட்டங்களிலும் கேட்டவர்கள் வருகிறார்கள். "வேண்டாம்" என்று ஒரே சொல்லில் அனுப்பிவிட எனக்கு மனசு வரவில்லை. இந்தப் பேச்சில் உண்மையும் கொஞ்சம் இருக்கிறது. அதோடு வேறு பலதும் கலந்துகிடக்கிறது.

இதை எழுதக் காரணம், காசிமேட்டில் வலை பழுது பார்க்கும் ஒரு அண்ணன். அறுபதை ஒட்டிய வயது. சுகர், பிரஷர் மாத்திரைகளைப் பல வருடமாக என்னிடம்தான் வாங்குகிறார். சென்ற மாதம் மருந்துச் சீட்டுக்குப் பதிலாக ஒரு வெள்ளை டப்பாவை எடுத்து வைத்தார்.

"காளான்னு சொல்லித்தான் தம்பி குடுத்தாங்க. பொண்ணு படிச்சுப் பார்த்துட்டு, 'நைனா, இதுல காளான்னு இல்ல, மைசீலியம்னு போட்டிருக்கு'ன்றா. அப்போ ரெண்டாயிரத்து சொச்சம் குடுத்து நான் இன்னாத்த வாங்கினு வந்தேன்?"

சரியான கேள்வி. இதற்குப் பதில் சொல்ல, காளான் என்றால் என்ன என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

காளான் என்பது காய் மாதிரி, மரம் வேறு

மழை விட்ட மறுநாள் பூங்காவில் குடை குடையாகக் காளான் முளைத்திருக்கும். இரண்டு நாளில் காணாமல் போகும். செத்துவிட்டதா? இல்லை. மாமரத்தில் காய் பறித்துவிட்டால் மரமா போய்விடுகிறது? நாம் பார்க்கும் குடை அந்த உயிரின் காய் மட்டுமே. தன் இனத்தைப் பரப்புவதற்கான தூளை உண்டாக்கவே அது வெளியே தலைகாட்டுகிறது. பாடப் புத்தகம் இதைக் கனியுடலம் என்கிறது. அந்தத் தூளுக்கு ஸ்போர் என்று பெயர்.

அப்படியானால் மரம் எங்கே? மண்ணுக்குள், மக்கிய இலைக்குள், பட்டுப்போன கட்டைக்குள் இருக்கிறது. தலைமுடியைவிட மெல்லிய வெள்ளை இழைகள் கிளைவிட்டு, ஒன்றோடொன்று இணைந்து பரவிக் கிடக்கும். அந்த இழைப் பின்னல்தான் மைசீலியம். பழைய ரொட்டியில் பூத்திருக்கும் பஞ்சு போன்ற பூஞ்சணமும் இதே சமாச்சாரம்தான், இனம் மட்டும் வேறு.

அண்ணனுக்கு இதைச் சொல்ல எனக்கு வேறு உவமை தேடவேண்டி வரவில்லை. "ஒரு ஒரு நூலும் ஒரு இழை. மொத்த வலையும் மைசீலியம்" என்றேன். உடனே பிடித்துக்கொண்டார். ஒரு வித்தியாசம் உண்டு. வலையை நாம் பின்ன வேண்டும், மைசீலியம் தன்னைத் தானே பின்னிக்கொள்ளும். ஒவ்வொரு இழையின் நுனியும் வளர்ந்துகொண்டே போகும்.

அது சாப்பிடும் விதத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும், பின்னால் வரும் குழப்பம் முழுக்க அதிலிருந்துதான் பிறக்கிறது. நாம் சோற்றை உள்ளே தள்ளிவிட்டுச் செரிக்கிறோம். பூஞ்சை வெளியிலேயே செரித்துவிட்டு அப்புறம் உறிஞ்சும். இழைகளிலிருந்து நொதிகளைக் கசியவிட்டு, சுற்றியிருக்கும் மரத்தையோ தானியத்தையோ கரைத்துக் குடிக்கும். அதனால் அது எப்போதும் தன் சாப்பாட்டுக்குள்ளேயே ஊடுருவித்தான் வாழும். தட்டு வேறு, ஆள் வேறு என்று பிரித்து எடுக்க முடியாது.

ஆக, குடை என்பது கனியுடலம், அதிலிருந்து கொட்டும் தூள் ஸ்போர், உள்ளே ஓடும் இழைப் பின்னல் மைசீலியம். மூன்றும் ஒரே உயிரின் பகுதிகள். ஆனால் மாங்காயும் மாங்கொட்டையும் மாம்பட்டையும் ஒன்றல்லவே.

ரீஷி எது?

ரீஷி என்பது ஜப்பானியப் பெயர். சீனர்கள் லிங்ஷி என்பார்கள். அறிவியலில் கானோடெர்மா என்ற பேரினத்தைச் சேர்ந்தது. பட்டன் காளான் போலக் குழம்பில் போட முடியாது, கட்டை மாதிரி இருக்கும். விசிறி வடிவம், மேலே வார்னிஷ் அடித்தது போன்ற சிவப்புப் பளபளப்பு, அடியில் ஊசியால் குத்தியது போல நுண்துளைகள். சீன மருத்துவத்தில் இதைக் கொதிக்க வைத்துக் கஷாயமாகக் குடிக்கும் வழக்கம் மிகப் பழையது. கசப்பு என்றால் நிலவேம்புக் கசப்பு.

பெயரிலேயே ஒரு குழப்பம் உண்டு. நூறு வருடத்துக்கும் மேலாக எல்லாவற்றையும் கானோடெர்மா லூசிடம் என்றே எழுதிவந்தார்கள். அந்தப் பெயரோ முதலில் ஐரோப்பாவில் கிடைத்த ஒரு காளானுக்கு வைத்தது. சீனாவில் வளர்ப்பது வேறு இனம் என்று பிரித்து, 2012இல் அதற்கு கானோடெர்மா லிங்ஷி என்று பெயரிட்டார்கள். டப்பாக்களில் பெரும்பாலும் இன்னும் பழைய பெயரே இருக்கிறது.

நம் ஊருக்கும் இந்தக் குடும்பம் அந்நியமில்லை. தென்னை வைத்திருப்பவர்களுக்குத் தஞ்சாவூர் வாடல் நோய் தெரிந்திருக்கும். 1952 புயலுக்குப் பிறகு தஞ்சை மாவட்டத்தில் பெரிதாகக் கவனிக்கப்பட்டதால் அந்தப் பெயர். அடிமரத்தில் செம்பழுப்பு நீர் வடியும், மட்டைகள் தொங்கும், கடைசியில் தூர்ப்பக்கம் விசிறிக் காளான் எட்டிப் பார்க்கும். அதற்குக் காரணம் கானோடெர்மா பூஞ்சைதான். காளான் தெரியும் நேரத்தில் உள்ளே மைசீலியம் மரத்தைத் தின்று முடிக்கப்போகிறது. சென்னைத் தெருவோர மரங்களின் அடியிலும் இந்தக் குடும்பத்துக் காளான்களைப் பார்க்கலாம்.

அதைப் பறித்துக் கஷாயம் வைக்கலாமா என்று ஒரு தம்பி கேட்டான். கூடவே கூடாது. ஒன்றைப் போலவே இருக்கும் இனங்கள் பல. அதோடு, காளான்கள் தாங்கள் வளரும் இடத்திலுள்ள ஈயம், காட்மியம் போன்ற கன உலோகங்களை இழுத்துச் சேர்த்துவைக்கக் கூடியவை. மணலி, எண்ணூர்ப் புகையும் சாம்பலும் படியும் நம் பக்கத்தில் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது.

மைசீலியத்தை எப்படி வளர்க்கிறார்கள்?

கனியுடலம் வளர்க்க மரக்கட்டையோ மரத்தூளோ வேண்டும், மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மைசீலியம் சில வாரங்களில் வளர்ந்துவிடும். வளர்க்க இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி நமக்குத் தெரிந்ததுதான். சிப்பிக் காளான் வளர்க்கும் யாரிடமாவது காளான் வித்துப் பையைக் கேட்டுப் பாருங்கள். சோளத்தை அரைவேக்காடாக வேகவைத்து, ஈரத்தை உலர்த்தி, பையில் அடைத்து, கிருமிநீக்கம் செய்து, ஒரு துண்டு மைசீலியத்தை உள்ளே விடுவார்கள். பதினைந்து நாள் ஆவதற்குள் சோளம் முழுக்க வெள்ளைப் பஞ்சு போர்த்திக்கொள்ளும். வளர்ப்பவர்களுக்கு அது விதை. அதை வைக்கோலோடு அடுக்கினால் காளான் வரும்.

ரீஷி மைசீலியத் தூளில் கணிசமானவை ஏறக்குறைய இதே முறையில் செய்யப்படுகின்றன. சோளத்துக்குப் பதில் அரிசியோ ஓட்ஸோ இருக்கலாம். இழைகள் தானியத்துக்குள் புகுந்து பரவியதும் மொத்தத்தையும் அப்படியே உலர்த்தி அரைத்து கேப்ஸ்யூலில் அடைப்பார்கள். இழையைத் தனியாக எடுப்பதில்லை, எடுக்கவும் முடியாது. பிசைந்த சாம்பார் சாதத்திலிருந்து சாம்பாரை மட்டும் திருப்பி எடுத்துத் தரச் சொன்னால் யாரால் முடியும்? பூஞ்சை தின்றது போக மீதித் தானியம் அந்தத் தூளிலேயே இருக்கும். எவ்வளவு மீதி என்பது இனம், தானியம், எத்தனை நாள் வளர்த்தார்கள் என்பதைப் பொறுத்தது.

இரண்டாவது வழி, திரவ வளர்ப்பு. பெரிய எஃகுத் தொட்டியில் சர்க்கரையும் சத்துகளும் கலந்த நீரில் மைசீலியத்தை வளர்த்து, பிறகு வடிகட்டுவார்கள். இதில் தானியக் கலப்பு இல்லை, வருவது கிட்டத்தட்ட இழை மட்டும்தான். செலவு அதிகம், கருவிகளும் வேண்டும்.

"மைசீலியம் என்றாலே ஏமாற்று" என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அதையும் நான் ஏற்கமாட்டேன். வான்கோழி வால் காளான் என்று ஒன்று உண்டு. அதன் மைசீலியத்தைத் தொட்டியில் வளர்த்து, அதிலிருந்து பிரித்தெடுத்த பி.எஸ்.கே. என்ற பொருளை ஜப்பான் 1970களில் புற்றுநோய்ச் சிகிச்சையோடு சேர்த்துக் கொடுக்கும் மருந்தாகவே அங்கீகரித்தது. மைசீலியத்தால் மதிப்பு குறைந்துவிடவில்லை. என்ன பிரித்தெடுத்தார்கள், எவ்வளவு இருக்கிறது என்று அளந்தார்களா என்பதில்தான் வித்தியாசம்.

உள்ளே இருக்கும் சரக்கு

ரீஷியைப் பற்றிப் பேசும்போது இரண்டு பொருட்களின் பெயர் திரும்பத் திரும்ப வரும்.

ஒன்று பீட்டா குளுக்கான். பூஞ்சையின் செல்சுவரைக் கட்டியிருக்கும் செங்கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். குளுக்கோஸ் மணிகள் கோத்த சங்கிலி அது. சோற்றிலுள்ள மாவுச்சத்தும் குளுக்கோஸ் சங்கிலிதான். மணி ஒன்றே, முடிச்சு போடும் விதம் மட்டும் வேறு. அந்த ஒரு வேறுபாட்டால் மாவுச்சத்தை நம் குடல் உடைத்துச் சர்க்கரையாக்குகிறது, பூஞ்சையின் பீட்டா குளுக்கானை உடைக்க முடிவதில்லை. நம் நோய் எதிர்ப்புச் செல்கள் சிலவற்றின் மேல் இந்தச் செங்கலை அடையாளம் காணும் கொக்கி ஒன்று இருக்கிறது, டெக்டின்-1 என்று பெயர். 'பூஞ்சை வந்திருக்கிறது' என்று அது எச்சரிக்கை கொடுக்கும். "எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுகிறது" என்ற பேச்சுக்கு அடிப்படை இதுதான்.

இன்னொன்று ட்ரைடெர்பீன். ரீஷியின் கசப்புக்குக் காரணமான வேதிப்பொருள் கூட்டம் இது. கனியுடலத்தில் நிறைய இருக்கும், மைசீலியத்தில் மிகக் குறைவு. கசப்பே இல்லாமல் கஞ்சிமாவு ருசியில் ஒரு ரீஷி தூள் இருந்தால் அதில் ட்ரைடெர்பீன் பேருக்குத்தான் இருக்கும்.

சில டப்பாக்களில் "பாலிசாக்கரைடு இத்தனை சதவீதம்" என்று பெரிய எழுத்தில் இருக்கும். பாலிசாக்கரைடு என்றால் சர்க்கரை மணிகள் கோத்த நீண்ட சங்கிலி, அவ்வளவுதான். பீட்டா குளுக்கானும் அதில் சேரும், அரிசி மாவும் சேரும். இரண்டையும் ஒரே கணக்கில் கூட்டிச் சொன்னால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. "மீன் ஒரு கிலோ" என்று சொல்லி ஐஸோடு சேர்த்து நிறுத்தால் காசிமேட்டில் சும்மா விடுவார்களா? இங்கேயும் ஐஸைத் தள்ளிவிட்டு எடை கேட்க வேண்டும், அதாவது பீட்டா குளுக்கான் எவ்வளவு என்று தனியாகக் கேட்க வேண்டும்.

பள்ளியில் சோற்றுக் கஞ்சியில் அயோடின் சொட்டு விட்டுப் பார்த்தது நினைவிருக்கும், கருநீலமாக மாறும். அந்தச் சோதனையைக் கேப்ஸ்யூல் தூளிலும் செய்யலாம். கொஞ்சம் தூளை வெந்நீரில் கரைத்து ஆறவிட்டு ஒரு சொட்டு அயோடின் விட்டால் போதும். கருநீலம் வந்தால் மாவுச்சத்து இருக்கிறது என்று பொருள். அது தானியத்திலிருந்து வந்ததா, இட்டு நிரப்பியதா என்பதை இந்தச் சோதனை சொல்லாது. நிறம் மாறவில்லை என்பதால் தரமான ரீஷி என்றும் ஆகிவிடாது.

நான் மிகைப்படுத்தவில்லை. அமெரிக்காவில் கடைகளில் வாங்கிய 19 ரீஷி தயாரிப்புகளைச் சோதித்து 2017இல் ஓர் ஆய்வு வெளியானது. அவற்றில் 5 மட்டுமே லேபிளில் சொன்னபடி இருந்தன. அந்த நாட்டு உணவு மருந்து நிர்வாகத்தின் வழிகாட்டுதல் ஒன்று, மைசீலியம் சேர்த்த உணவில் அதைச் சொல்லியே ஆகவேண்டும், காளான் இருப்பதாகத் தோன்றும்படி லேபிள் ஒட்டக் கூடாது என்கிறது. அங்கேயே இந்த நிலை.

இதுவரை பார்த்ததில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும். "ரீஷி" என்ற ஒரே பெயரில் கனியுடலத் தூள், தானியத்தோடு அரைத்த மைசீலியம், தொட்டியில் வளர்த்த மைசீலியம், ஸ்போர் தூள், வெந்நீரிலோ ஆல்கஹாலிலோ இறக்கிய சாறு என்று ஐந்து வேறு வேறு பொருட்கள் விற்பனைக்கு வருகின்றன.

சரி, உடம்புக்கு என்ன செய்கிறது?

சோதனைக் குழாயிலும் எலிகளிலும் ரீஷி பற்றி ஆய்வுகள் ஏராளம். விற்பவர்கள் காட்டுவது பெரும்பாலும் அவற்றைத்தான். ஆய்வகத் தட்டில் இருக்கும் செல்மீது நேராக ஊற்றுவது வேறு, வாய்வழியே போய் வயிறு, குடல், கல்லீரல் எல்லாம் தாண்டி உள்ளே சேர்வது வேறு.

மனிதர்களிடம் நடந்த சோதனைகளை ஒன்றாகத் திரட்டி எடைபோடும் காக்ரேன் என்ற சர்வதேச அமைப்பு, ரீஷியை இரண்டு முறை ஆராய்ந்திருக்கிறது. சர்க்கரை நோய், இதய நோய் அபாயம் பற்றி 2015இல் வெளிவந்த முடிவு 5 சோதனைகள், 398 பேர் அடிப்படையிலானது. இரண்டாம் வகைச் சர்க்கரை உள்ளவர்களுக்கு அந்த அபாயங்களைக் குறைக்க ரீஷியைப் பரிந்துரைக்க ஆதாரம் இல்லை என்றார்கள். புற்றுநோய் பற்றி 2016இல் புதுப்பித்த முடிவிலும் 5 சோதனைகள்தான், 373 பேர். ரீஷி மட்டும் கொடுத்தால் கட்டி சுருங்கும் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. கீமோ, ரேடியேஷனோடு சேர்த்துக் கொடுத்தவர்களிடம் சிகிச்சைக்குக் கொஞ்சம் கூடுதல் பலன் தெரிந்திருக்கிறது. ஆனால் சோதனைகளின் தரம் போதாது, நீண்ட நாள் உயிர் வாழ்ந்தார்களா என்ற தகவலும் இல்லை என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

அந்தச் சோதனைகளில் முக்கியமாகப் பயன்பட்டவை அளந்து தயாரித்த சாறுகள். அதில் கிடைத்த பலனைக் காட்டி, அரிசியில் வளர்த்த மைசீலியத் தூளை விற்பது நியாயமே இல்லை. நெல்லிக்காய்ச் சாற்றில் சோதித்துவிட்டு நெல்லி மரப்பட்டையை விற்பது போலத்தான் அது.

யார் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்?

இயற்கையானது, அதனால் பக்கவிளைவு இல்லை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். எதற்காவது விளைவு இருந்தால் பக்கவிளைவும் இருக்கத்தான் செய்யும்.

ரீஷி, ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைக் குறைப்பதாக ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. ஆகவே ஸ்டென்ட் வைத்து ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் சாப்பிடுபவர்களும் வார்ஃபரின் சாப்பிடுபவர்களும் (இவை மூன்றுமே ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகள்) டாக்டரிடம் கேட்காமல் தொடக் கூடாது. அறுவை சிகிச்சைக்கோ பல் பிடுங்கவோ போவதாக இருந்தால் இதைச் சாப்பிடுவதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சுகர், பிரஷர் மாத்திரையோடு சேரும்போது அளவு தாறுமாறாக இறங்கவும் வாய்ப்புண்டு. மாற்றுச் சிறுநீரகம் வைத்துக்கொண்டவர்கள் எதிர்ப்புச் சக்தியை அடக்கத்தான் மாத்திரை சாப்பிடுகிறார்கள். அவர்கள் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுவதாகச் சொல்லும் எதையும் வாங்கவே கூடாது. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் இது பாதுகாப்பானது என்று காட்டும் ஆதாரம் இல்லை.

ரீஷி தூள் சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரல் பாதித்ததாக ஹாங்காங், தாய்லாந்து மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தாய்லாந்தில் பதிவானது ஒரு மரணம். எண்ணிக்கையில் இவை மிகக் குறைவுதான். ஆனால் கண் மஞ்சளாவது, சிறுநீர் அடர்நிறமாவது, பசியே இல்லாமல் போவது என்று ஏதாவது தெரிந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். "உடம்பிலுள்ள நச்சு வெளியேறுகிறது, நிறுத்தாதீங்க" என்று விற்றவர் சொல்வார். வயிற்றுப்போக்கு, அரிப்பு எல்லாவற்றுக்கும் இதே பதில்தான் வரும். நான் மிகவும் பயப்படுவது இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான்.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. நம் நாட்டில் இவை உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் கீழ் 'ஹெல்த் சப்ளிமென்ட்' வகையில் வருபவை. 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற வரி டப்பாவில் இருந்தாக வேண்டும். சர்க்கரை நோய், புற்றுநோய் போன்றவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது.

அண்ணனின் டப்பா

டப்பாவைப் படிக்கும்போது முன்பக்கத்துப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் திருப்புங்கள். எந்தப் பகுதி என்று எழுதியிருக்கிறதா, எதன்மேல் வளர்த்தது என்று இருக்கிறதா, பீட்டா குளுக்கான் தனியாக அளந்து போட்டிருக்கிறதா, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 14 இலக்க உரிம எண் உண்டா. இந்த நான்கையும் பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

அண்ணனின் டப்பாவில் முன்னால் சிவப்பு விசிறிக் காளான் படம் பளபளத்தது. பின்னால் பொடி எழுத்தில் "பழுப்பரிசியில் வளர்த்த ரீஷி மைசீலியம்" என்று இருந்தது. பீட்டா குளுக்கான் அளவு இல்லை. ஒரு கேப்ஸ்யூலைப் பிரித்து வெந்நீரில் கரைத்து, ஆறியதும் ஒரு சொட்டு அயோடின் விட்டேன். கண்ணெதிரே கருநீலமானது.

"வலை எவ்ளோ, அரிசி எவ்ளோன்னு போடலையா தம்பி?"

"போடலைண்ணா."

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். அப்புறம்தான் மெதுவாகச் சொன்னார், அவர்கள் சொன்னதை நம்பி சுகர் மாத்திரையை நிறுத்திப் பன்னிரண்டு நாளாகிறது என்று. கடையிலேயே விரலில் குத்திப் பார்த்தேன், 318 காட்டியது. மாத்திரையை அன்றைக்கே பழையபடி தொடரச் சொன்னேன். மறுநாள் காலை ஸ்டான்லியில் ஓ.பி. சீட்டு போட அவர் மகளே கூட்டிப்போனாள். டப்பாவையும் மறக்காமல் எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டச் சொல்லியிருந்தேன், பையில் போட்டு எடுத்துப் போனார்கள்.